சிவப்பு லைட்டைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள்

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில், வாகனம் ஓட்டும் இளைஞர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டத்தில் கராஜ் மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, "ஐயா, எனக்கு ஸ்பெனர் பிடிக்கத்தான் தெரியும், மைக் பிடிக்கத் தெரியாது" என்று சொன்னேன். "அந்த ஸ்பெனரைப் பற்றியே பேசுங்க, அதுதான் நமக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். நானும் லயத்தில் பிறந்தவன்தான். அப்பா ஸ்டோரில் ரோலர் மெசினில் வேலை செய்தார். அம்மா கொழுந்து எடுத்தவர். நான் முதலில் லொறி கிளீனர், பிறகு டிரைவர், அதற்குப் பிறகு கராஜ். டிரைவராக இருந்தவன் ஏன் கராஜுக்குப் போனேன் என்பதை நடுவில் சொல்கிறேன். இன்றைய பேச்சே அதுதான்.

முந்தி ஒரு தோட்டத்தில் துரையின் காரும் தோட்டத்து லொறியும்தான் வாகனம். இன்றைக்கு ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் ஓர் ஆட்டோ நிற்கிறது. ஸ்கூல் வேன் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வண்டி எப்படி வந்தது? அப்பாவின் ஈ.பி.எப். காசு, அம்மாவின் சீட்டுக் காசு, அக்காவின் நகை அடகு, மிச்சத்துக்கு லீசிங். ஒரு வண்டி என்றால் அது ஒரு குடும்பத்தின் இருபது வருட உழைப்பு. அதனால் "இது டிரைவர்மாருக்குத்தானே" என்று தாய்மார் யாரும் எழும்பிப் போய்விட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

இன்றைக்கு நான் ஒரே ஒரு விசயம்தான் பேசப் போகிறேன். டாஷ்போட்டில் எரிகிற சிவப்பு ஒயில் லைட்.

அந்த லைட் என்ன சொல்கிறது?

மூக்கு நீண்ட ஒரு சின்ன ஒயில் கேன், அதன் நுனியில் ஒரு சொட்டு. அந்தப் படம்தான். ஸ்டோரில் மெசினுக்கு ஒயில் விடுகிற கேன் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து நிறையப் பேர், "ஒயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, டவுனுக்குப் போய் ஊத்திக்குவோம்" என்று நினைக்கிறார்கள். அங்கேதான் பிழை. பெட்ரோல் முள் காட்டுவது போல அது அளவைக் காட்டுகிற லைட் இல்லை. அது ஒயில் பிரஷரைக் காட்டுகிற லைட்.

பிரஷர் என்றால் என்ன? நம்ம லயத்துப் பைப்பை நினைத்துப் பாருங்கள். மேலே தாங்கியில் தண்ணீர் இருக்கும். ஆனால் நடுவில் பைப் வெடித்திருந்தால் தொங்கல் வீட்டுக்காரிக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. தாங்கியில் தண்ணீர் இருப்பது ஒன்று, குடத்தில் தண்ணீர் விழுவது வேறொன்று. எஞ்சினிலும் அப்படித்தான். அடியில் சம்ப் என்ற தட்டில் ஒயில் கிடக்கிறது. பம்பு அதை ஒரு சல்லடை வழியாக உறிஞ்சி, பில்டர் வழியாகத் தள்ளி, கிராங்க் பெயாரிங்குகளுக்கும் மேலே தலைப்பக்கத்துக்கும் அனுப்புகிறது. கிராங்குக்கும் பெயாரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு தலைமுடி கனம்கூட இல்லை. அந்த இடைவெளியில் ஒயில் அழுத்தத்தோடு நிற்கும் வரைக்கும் இரும்பும் இரும்பும் தொடாது. அழுத்தம் போனால் இரண்டும் உரசும். சூடாகும், சத்தம் வரும், கடைசியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். டயருக்குக் காற்று அடிக்கிற மாதிரி ஒயில் பிரஷரையும் றாத்தல் கணக்கில் சொல்வோம். சாதாரண வேன் எஞ்சின் ஓட்டத்தில் 30 முதல் 60 றாத்தல் வரைக்கும் காட்டும். அந்தச் சிவப்பு லைட் எப்போது எரியும் தெரியுமா? பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் ஏறக்குறைய 4 முதல் 7 றாத்தலுக்குக் கீழே இறங்கினால்தான் எரியும். அதாவது 40 இருக்க வேண்டிய இடத்தில் 25 ஆனபோதும் அது பேசாது. எல்லாம் போய் முடிகிற நேரத்தில்தான் பேசும். "இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்று அது சொல்லவே இல்லை.

நான் செய்த பிழை

இப்போது என் கதை. 1997ஆம் வருசம். அம்மாவின் தோட்டை வைத்தும் லீசிங் போட்டும் ஒரு பழைய டீசல் வேன் வாங்கியிருந்தேன். மாதக் கட்டுக் காசு கழுத்தைப் பிடிக்கும். அதனால் 5,000 கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டிய ஒயிலை 9,000, 10,000 வரைக்கும் இழுத்தேன். "கறுப்பா இருந்தாலும் ஒயில் ஒயில்தானே" என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் லைட் மின்ன ஆரம்பித்தது. நேர் ரோட்டில் இல்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு மின்னல். வளைவு முடிந்ததும் அணைந்துவிடும். யாரோ சொன்னதைக் கேட்டு எஞ்சின் பக்கத்தில் இருக்கிற ஒயில் சுவிட்ச் வயரைக் கழற்றிப் பார்த்தேன். லைட் எரியவே இல்லை. "பார்த்தியா, சுவிட்ச்தான் பழுது. சம்பளம் வரட்டும், புதுசு வாங்கிப் போடுவோம்" என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஒயில் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

ஐப்பசி மழை. இராத்திரி பதினொரு மணி இருக்கும். மேல் லயத்துப் பிள்ளைக்கு வலி கண்டுவிட்டது. தோட்டத்து லொறி தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தது. என் கதவைத் தட்டினார்கள். அந்தப் பிள்ளையையும் புருசனையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஆஸ்பத்திரி 18 கிலோமீற்றர். பாதி வழியில் ஏற்றம் தொடங்கியதும் லைட் எரிந்தது. இந்தத் தடவை மின்னவில்லை. அணையாமல் எரிந்தது. நான் என்ன நினைத்தேன்? "சுவிட்ச்தானே. அதோடு, வலியில துடிக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படி நிற்பாட்டுறது?" அக்சிலேட்டரை இன்னும் அமத்தினேன். முதலில் டிக் டிக் என்று சத்தம். அப்புறம் டக் டக். அப்புறம் ஒரு குலுக்கு. எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை.

மழை, மிஸ்ட், இருட்டு. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு கிலோமீற்றர். அந்த அம்மா, "தம்பி, என்னாச்சு தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாற்பது நிமிசம் கழித்து ஒரு மரக்கறி லொறி வந்தது. அதை ஓட்டி வந்த சிங்கள ஐயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை முன் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனார். பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு இரத்தம் நிறையப் போய், பிழைத்ததே பெரிசு என்றார்கள்.

அந்தக் குழந்தைக்கு இன்றைக்குக் கல்யாணமாகிவிட்டது. என்னைக் கண்டால் "வேன் மாமா" என்று கூப்பிடும். பாசமாகத்தான் கூப்பிடுகிறது. ஆனால் எனக்கு அந்தப் பெயர் சுடும்.

எஞ்சினைக் கழற்றினோம். ஒயில் கம்பியின் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. பம்பின் சல்லடையில் பழைய ஒயில் கறுப்புக் களியாக அடைத்திருந்தது. கிராங்க் முழுதும் கீறல். திருத்தக் காசில்லை. கட்டுக் காசு கட்டாததால் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவின் தோடு திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகுதான், ஓட்ட மட்டும் தெரிந்தால் போதாது என்று கராஜில் சேர்ந்தேன்.

வளைவில் மட்டும் ஏன் மின்னியது?

இது மலைநாட்டில் ஓட்டுகிற எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய விசயம். ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடிவிடும். சம்பில் ஒயில் குறைவாக இருந்தால், வளைவில் திரும்பும்போதும், செங்குத்தாக ஏறும்போதும், பிரேக் அடிக்கும்போதும் ஒயில் ஒரு பக்கத்துக்கு ஓடிவிடும். சல்லடை வெளியே தெரியும். பம்பு ஒயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு நொடி அழுத்தம் இல்லை, லைட் மின்னும். கொழும்பு ரோட்டில் ஓடுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. றம்பொடை வளைவுகளில் ஏறுகிறவனுக்கு முதலில் தெரியும். அதனால் வளைவில் மட்டும் மின்னினால் முதலில் ஒயில் அளவைச் சந்தேகப்படுங்கள். சுவிட்சைக் குறை சொல்ல வேண்டாம்.

லைட் எரிந்தால் ரோட்டில் செய்ய வேண்டியது

ஒன்று. ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். சிலர் அக்சிலேட்டரை அமத்தி லைட்டை அணைக்கப் பார்ப்பார்கள். அது வேண்டவே வேண்டாம். ஒயில் இல்லாத பெயாரிங்கை இன்னும் வேகமாகச் சுற்றுகிற வேலை அது.

இரண்டு. கீழே குனிந்து பாருங்கள். நம்ம தோட்டத்து ரோட்டில் கல் நீட்டிக்கொண்டு நிற்கும். சம்பில் கல் அடித்து வெடித்திருக்கலாம். வடிகால் நட்டு கழன்றிருக்கலாம். பில்டர் பக்கம் ஒழுகலாம். ஒயில் கோடாக ஊற்றிக்கொண்டிருந்தால் மேலே எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

மூன்று. சமதரையில் ஐந்து நிமிசம் விட்டு ஒயில் கம்பியை இழுங்கள். துணியால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நிறைய சின்ன வண்டிகளில் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு லீற்றர் அளவு வித்தியாசம் இருக்கும். குறைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே போகக் கூடாது. அதிகமானால் கிராங்க் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது.

நான்கு. கம்பியில் வருகிற ஒயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசலோ பெட்ரோலோ வாடை அடித்து, தண்ணி மாதிரி ஓடினால் எரிபொருள் கலந்திருக்கிறது. இரண்டிலும் அளவு சரியாகக் காட்டும், அழுத்தம் நிற்காது.

ஐந்து. ஒயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சில நொடியில் லைட் அணைந்து, வேறு சத்தமும் இல்லை என்றால் மெதுவாகக் கராஜுக்குப் போகலாம். ஒயில் எங்கே போனது என்று அங்கே கண்டுபிடிக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் ஓட்ட வேண்டாம். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். இழுக்கிற கூலி ஒரு நாள் காசு. எஞ்சின் ஒரு வருசக் காசு.

கராஜில் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

என்னை ஏமாற்றிய அந்த வயருக்கு வருவோம். ஒயில் சுவிட்ச் சாதாரணமானது. அழுத்தம் இல்லாதபோது உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும், லைட் எரியும். அழுத்தம் வந்தால் விலகும், லைட் அணையும். வயரைக் கழற்றியும் லைட் எரிந்தால், வயர் எங்கேயோ தேய்ந்து பொடியில் தொடுகிறது. அது வயர் பழுது. கழற்றியதும் அணைந்தால் வயர் நல்லது என்று மட்டும்தான் அர்த்தம். சுவிட்ச் பழுதா, உண்மையிலேயே அழுத்தம் இல்லையா என்பதை அது சொல்லாது. வயரைக் கழற்றினால் எந்த வண்டியிலும் லைட் அணையத்தானே செய்யும்! இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகியும் இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டையும் பிரிக்க ஒரே வழி கேஜ். சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒயில் பிரஷர் கேஜைப் பூட்டி, எஞ்சினைச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். டிஸ்பென்சரியில் கையில் பட்டி சுற்றிப் பிரஷர் பார்க்கிற மாதிரிதான். முகத்தைப் பார்த்து யாரும் பிரஷர் மருந்து கொடுப்பதில்லையே. கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் அப்போது சுவிட்சை மாற்றலாம், செலவு கொஞ்சம்தான். கேஜிலும் இல்லை என்றால் சல்லடை அடைப்பு, பம்பு தேய்மானம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வு திறந்தபடி சிக்கியது, பெயாரிங் தேய்மானம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

எஞ்சின் சூடானபிறகு, சும்மா நிற்கும்போது மட்டும் லைட் மெல்ல எரிந்து, ஓட்டினால் அணைகிற வண்டிகள் உண்டு. பழைய ஒயில், எஞ்சினுக்குப் பொருந்தாத மெல்லிய ஒயில், அல்லது தேய்ந்த பெயாரிங் காரணமாக இருக்கலாம். வண்டிப் புத்தகத்தில் எந்த நம்பர் ஒயில் சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். புது மாடல் சின்னக் கார்களுக்கு வருகிற மிக மெல்லிய ஒயிலைப் பழைய டீசல் எஞ்சினுக்கு ஊற்றிவிட்டு, லைட் எரியுது பாஸ் என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2022 நெருக்கடிக்குப் பிறகு ஒயில் விலையைப் பார்த்து மாற்றுவதைத் தள்ளிப் போடுகிறவர்கள் எங்கள் கராஜுக்கு நிறைய வருகிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும், நானும் அதைத்தான் செய்தேன். காசு இல்லாவிட்டால் வேறெதையாவது தள்ளிப் போடுங்கள். ஒயிலையும் பில்டரையும் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ட் செய்வதற்கு முந்தி சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஒயில் லைட் கட்டாயம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று நொடியில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், வயர் விட்டிருக்கலாம், அல்லது விற்கிறவர் வேண்டுமென்றே பல்பைக் கழற்றியிருக்கலாம். எரிகிற லைட்டை விட எரியாத லைட் ஆபத்து. ஆட்டோ வைத்திருக்கிற தம்பிமார் இன்னொன்றையும் பாருங்கள். சில ஆட்டோக்களில் இந்த லைட்டே இல்லை. அப்படியானால் உங்களுக்கு ஒயில் அளவைப் பார்ப்பதுதான் லைட். வாரத்தில் ஒரு நாள், காலையில், எஞ்சின் சூடாவதற்கு முந்திப் பாருங்கள்.

நோயாளி வண்டியில் இருந்தால்?

இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வலியில் ஒரு பிள்ளை பின்னால் இருக்கிறது, லைட் எரிகிறது. நிறுத்துவதா, ஓட்டுவதா? நிறுத்துங்கள். அன்றைக்கு நான் நிறுத்தி, ஐந்து நிமிசம் பார்த்து, வண்டியில் ஒரு கேன் ஒயில் வைத்திருந்து ஊற்றியிருந்தால், ஒருவேளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். ஓட்டியதால்தான் நாற்பது நிமிசம் மழையில் நின்றோம். இன்றைக்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. 2016இல் தொடங்கி இப்போது எல்லா மாகாணத்திலும் ஓடுகிறது. தோட்டத்தின் பெயரோடு, பக்கத்து டவுன், சந்தி, கோவில் எதுவென்றும் சொல்லுங்கள். நிறுத்தியதுமே அடித்துவிட்டு, பிறகு ஒயில் கம்பியை இழுங்கள்.

தாய்மாரே, உங்கள் வேலை இதுதான். ஸ்கூல் வேனில் பிள்ளையை ஏற்றும்போது, சந்தைக்குப் போகும்போது, டாஷ்போட்டில் சிவப்பாக அந்தக் கேன் எரிந்தால், "தம்பி, ஒயில் லைட் எரியுதுப்பா, நிப்பாட்டு" என்று சொல்லுங்கள். "அது சும்மா எரியும் அம்மா" என்று அவன் சொன்னால் விடாதீர்கள். அன்றைக்கு என் வேனில் இருந்த மாமியாருக்கும் அந்த லைட் தெரிந்ததாம். "நமக்கென்ன தெரியும்னு சும்மா இருந்துட்டேன் தம்பி" என்று பிறகு சொன்னார். அவர் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா, தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே ஏழெட்டு ஆட்டோவும் இரண்டு வேனும் நிற்பதைப் பார்த்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லாரும் வாங்க. ஒவ்வொரு வண்டியாக ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போவோம். துணி நான் கொண்டு வந்திருக்கிறேன்.